கம்பெனி பஸ்ஸில் ஒலிப்புத்தகம்

ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்களுக்குக் கண்ணும் கையும் கம்பெனிக்குச் சொந்தம். காது ஒன்றுதான் நம்முடையது.

பதினாறு வருடமாக ஆம்பூரில் ஒரு கம்பெனியில் ஃபைனல் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஒரு தையல் விட்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒரு காலத்தில் நிறையப் படிப்பேன். இப்போது சாயங்காலம் குடியாத்தத்தில் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் தையலாகத் தெரிகிறது. வரி நேராக ஓடுகிறதா என்று பார்க்கிறேனே தவிர, வரியில் என்ன இருக்கிறது என்பது மண்டையில் ஏறுவதில்லை. வேலூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினேன். "வேலை நேரம் போக மிச்ச நேரத்துக்காவது கண்ணுக்கு லீவு குடும்மா" என்றார். அப்படித்தான் ஒலிப்புத்தகத்தில் வந்து விழுந்தேன். ஏற்கெனவே இதில் விழுந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. கூட ஒருத்தி இருக்கிறாள் என்று ஆறுதலாக வேண்டுமானால் இருக்கும்.

கடையில் நடந்த விசாரணை

முதல் செலவு காதுக்கு. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இம்தியாஸ் பாய் என்பவர் மொபைல் கடை வைத்திருக்கிறார். வயர் இல்லாமல் காதில் செருகிக்கொள்வது ஒன்று வேண்டும் என்றேன். "பாட்டு கேக்கவா, போன் பேசவா? அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துத் தர்றேன்" என்றார். கதை கேட்க என்றேன். எடுத்த பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மனிதர் ஆர்வமாகக் கேட்கிறாரே என்று நானும் விளக்கினேன். ஒருவர் முழுப் புத்தகத்தையும் வாசித்துப் பதிவு செய்து வைத்திருப்பார், ஒன்பது மணி நேரம், பத்து மணி நேரம்கூட ஓடும், அதற்கு மாதச் சந்தா உண்டு, நெட்டும் கொஞ்சம் இழுக்கும் என்றெல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "இதுக்கு ஒரு காசு, மாசாமாசம் ஒரு காசு, நெட்டுக்கு ஒரு காசு. எல்லாம் கட்டிட்டு, ஒருத்தர் பேசறத பத்து மணி நேரம் குறுக்க பேசாம கேப்பீங்க?" என்றார். ஆமாம் என்றேன். பெட்டியைக் கவரில் போட்டு, மிக மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டி, கேட்டார்: "வூட்ல மாமியார் இல்லீங்களாக்கா?"

மாதனூர் தாண்டும் முன் ஒரு சாவு

குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ் வருகிறது. ஊர் ஊராக நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் வாங்கிய முதல் புத்தகம் ஒரு குடும்பக் கதை. மூன்றாம் நாள் காலையில், கதையில் வருகிற அம்மா, மகன் வந்து சேர்வதற்குள் இறந்துபோனாள். வாசித்தவர் ஒரு பெண். அந்த இடத்தில் குரலை அப்படியே கீழே இறக்கிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

முன் சீட்டுக்காரி திரும்பி "இன்னாச்சுக்கா?" என்றாள். பேச்சு வராமல் காதைக் காட்டினேன். போனில் ஏதோ தகவல் வந்திருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பவர்லூம் ஓட்டுகிறவர். மாதனூர் வருவதற்குள், தறியில் அவர் கை மாட்டிக்கொண்டது என்ற செய்தி கடைசி சீட் வரை போய், அங்கிருந்து இரண்டு விரல் போச்சு என்று திரும்பி வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லி நாலு பேர் எழுந்துவிட்டார்கள். டிரைவர் முனுசாமி அண்ணன் ஓரங்கட்டி நிறுத்தினார்.

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "கதைல ஒரு அம்மா செத்துட்டாங்க" என்றேன். எனக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் அதைத் துடைத்துக்கொண்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். அன்று எல்லோருமே ஏழு நிமிடம் லேட். இறங்கும்போது முனுசாமி அண்ணன் மட்டும் சாந்தமாகச் சொன்னார்: "கதைல அடுத்து யாரு சாவப்போறாங்கன்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்லும்மா, டீக்கடையா பாத்து நிறுத்தறேன்."

தூங்கும்போது பிடிபட்ட கொலைகாரன்

ரஹமத் பஸ்ஸில் என் பக்கத்து சீட். கம்பெனியிலும் பக்கத்து டேபிள்தான். நான் பார்த்துத் தள்ளும் ஷூவின் மூக்குக்குள் பேப்பர் திணித்துப் பெட்டியில் வைப்பது அவள் வேலை. வீட்டில் உருது, எங்களோடு தமிழ். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. உருது படிப்பாள், படிக்கக் கதைப் புத்தகம் எதுவும் கையில் கிடைத்ததில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் முப்பத்தெட்டு வயது வரை ஒரு நாவல்கூடத் தெரியாமல் இருந்துவிட்டாள். நான் அழுத மறுநாள், "அப்படி இன்னாதான் சொல்றாங்க அதுல?" என்று கேட்டு ஒரு காதை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு.

ஒலிப்புத்தகத்தில் பெரிய வில்லன் தூக்கம். காகிதப் புத்தகம் நாம் கண் அசந்தால் மேலே விழுந்து தானும் படுத்துக்கொள்ளும். இது படுக்காது. நாம் குறட்டை விட்டாலும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும். ஒரு துப்பறியும் கதையில், நகைக்கடைக்காரரைக் கொன்றது மூன்று பேரில் யார் என்ற இடத்தில் நான் தூங்கிப்போனேன். கண் விழித்தால் ஆம்பூர், கதை முடிந்து வாசித்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரஹமத் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு முடித்திருந்தாள்.

சொல்லாதே, சாயங்காலம் பின்னால் தள்ளிக் கேட்டுக்கொள்கிறேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். அவளும் சொல்லவில்லை. நாள் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது சொல்வதைவிட மோசம். மதியம் சாப்பாட்டில் பொறுக்க முடியாமல், "அந்த டாக்டர்தானே?" என்றேன். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தபடி சொன்னாள்: "கதை கேக்க காசு கட்டினா அது ஒரு நியாயம். தூங்கறதுக்கு மாசாமாசம் கட்றது நீ ஒருத்திதான்க்கா."

இலவசக் குரல்

அவள் சொன்னது உறுத்தியது. சந்தா பெரிய தொகை இல்லை, ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற கூலிதான் வரும். ஆனால் நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாதம் பிறந்தால் பேங்கிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். இலவசமாக ஒரு ஆப் இருக்கிறது, மின்னூல் எதைப் போட்டாலும் மிஷினே வாசித்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். சந்தாவை நிறுத்திவிட்டு அதை இறக்கினேன்.

மிஷின் நன்றாகத்தான் வாசித்தது. பக்கத்துக்கு அடியில் இருந்த எண்ணையும் விடாமல் வாசித்தது. காதலன் "உன்னை விட்டுப் போக மாட்டேன் நாற்பத்து மூன்று" என்றான். அதையும் பொறுத்துக்கொண்டோம். பிறகு கதாநாயகியின் வீடு தீப்பிடித்து, "ஐயோ, என் குழந்தை உள்ளே இருக்கிறதே" என்று அவள் கதறுகிற இடம் வந்தது. ரஹமத் காதிலிருந்து அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். மறு மாதம் சந்தாவைத் திரும்பக் கட்டினேன். கழற்றி வைத்த அன்று அவள் சொன்னது: "இன்னாக்கா, காட்பாடி ஸ்டேஷன்ல வண்டி லேட்டுன்னு சொல்ற மாதிரியே அழுவறா."

செல்வத்தின் வேகம்

எங்கள் சூப்பர்வைசர் செல்வத்துக்கு எதுவாக இருந்தாலும் மணிக்கு எத்தனை என்று தெரிய வேண்டும். நான் கேட்பதைப் பார்த்துவிட்டு அவனும் ஆரம்பித்தான். கதை எல்லாம் இல்லை; வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி, காலையில் எழுவது எப்படி என்கிற வகை. அதில் வேகத்தைக் கூட்டுகிற பட்டன் ஒன்று உண்டு என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். முதலில் ஒன்றேகால், பிறகு ஒன்றரை, கடைசியில் இரண்டு மடங்கு. சாப்பாட்டு நேரத்தில் அவன் போனிலிருந்து வரும் குரல் ஏலம் போடுகிறவர் குரல் மாதிரி இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை வந்து, ஞாயிறு ஒரே நாளில் மூன்று புத்தகம் முடித்ததாகச் சொன்னான். நான் ஒரு புத்தகத்தோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பொறாமையாகக்கூட இருந்தது. மூன்றில் எது நல்லது, என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன். செல்வம் டார்கெட் போர்டைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஒளிவு மறைவில்லாமல் சொன்னான்: "கேட்டு முடிக்கறது மட்டும்தான்க்கா நம்ம வேலை. ஞாபகம் வச்சிக்கறது வேற டிபார்ட்மெண்ட்."

ஊசி இல்லை

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். லாபத்தை மட்டும் சொல்லி நஷ்டத்தை மறைப்பது சரியில்லை.

கம்பெனிக்குள் போன் பையில்தான் இருக்க வேண்டும், காதில் எதுவும் இருக்கக் கூடாது. சட்டம் எனக்குத் தெரியும். அன்று ஷிப்மெண்ட் நாள், குழந்தைகள் ஷூ ஓடிக்கொண்டிருந்தது. கதையில் கடைசி இருபது நிமிடம் பாக்கி. தலைக்குப் போடும் தொப்பிக்கு உள்ளே ஒரு காதை மட்டும் மறைத்துச் செருகியிருந்தேன். சிறிது நேரத்தில் சத்தம் நின்றுபோனது. சார்ஜ் போய்விட்டது என்று நினைத்து, கையை எடுத்துத் தடவிப் பார்க்கக்கூட இல்லை.

லைன் கடைசியில் ஒரு மிஷின் இருக்கிறது. ஷூவுக்குள் உடைந்த ஊசி முனை ஏதாவது தங்கியிருந்தால் கத்தும். அன்று கத்தியது. லைனை நிறுத்தினார்கள். குழந்தையின் காலில் ஊசி குத்தினால் கம்பெனியே மூட வேண்டியதுதான், அதனால் இதில் யாரும் விளையாட மாட்டார்கள். ஊசி உடைந்தால் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்ட வேண்டும் என்பது விதி. தையல் பிரிவில் சுமதிக்கு அன்று காலையில் ஊசி உடைந்திருந்தது, ஒரு துண்டு கிடைக்கவில்லை. மேனேஜர் அவளை வரச் சொல்லி எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். அவள் ரெஜிஸ்டரைப் பிரித்துக் காட்டினாள். கை நடுங்கியது.

எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. காதைத் தொட்டுப் பார்த்தேன், காலி. தெரிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றும் இருக்கும். பிறகு, "சார், அது ஊசி இல்ல" என்றேன். ஷூவின் மூக்கிலிருந்து பேப்பரை இழுத்தார்கள். பேப்பருக்கு அடியில், என் காதிலிருந்து நழுவி விழுந்தது கிடந்தது. செல்வம் எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தான். "இன்னும் பேசிட்டிருக்காங்க சார்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. ரஹமத் ஓரடி முன்னால் வந்து, "பேப்பர் திணிச்சது நான் சார். பாக்காம திணிச்சிட்டேன்" என்றாள். அவள் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து எல்லோருடைய போனும் கேட்டில் லாக்கருக்குப் போனது. லைனில் மூன்று நாள் ரஹமத்தைத் தவிர யாரும் தானாக என்னோடு பேசவில்லை. நான் சுமதியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னதுல தப்பில்லக்கா. கொஞ்சம் முன்னாடி சொல்லியிருந்தா என் கை நடுங்கியிருக்காது."

நாற்பது காது

பேப்பரோடு திணித்ததில் அந்த ஒரு காது நசுங்கி, இரண்டு நாளில் செத்துப்போனது. மிச்சம் ஒன்று. பஸ்ஸில் நானும் ரஹமத்தும் அதை நடுவில் பிடித்துக்கொண்டு தலையோடு தலை ஒட்டிக் கேட்டோம். பார்த்தவர்களுக்குப் பேன் பார்க்கிற மாதிரி இருந்திருக்கும். நாலாம் நாள் பின் சீட்டிலிருந்து சுமதிதான் முதலில் தானாகப் பேசினாள். "உங்களால எல்லார் போனும் லாக்கருக்குப் போச்சு. கதையாச்சும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடுங்க" என்றாள். முனுசாமி அண்ணன் பஸ் ஸ்பீக்கரோடு போனை இணைத்துக் கொடுத்தார்.

புதுக் கதை. பத்மா என்று ஒருத்தி, அண்ணன் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திவிட, வேறு ஊரில் மெஸ் வைத்துப் பிழைக்கிறாள். இரண்டு நாளில் பஸ் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்க சீட் எல்லாம் அண்ணனை மன்னிக்கலாம் கட்சி, அந்தப் பக்கம் கூடவே கூடாது கட்சி. என் காதுக்கு மட்டும் என்று வாங்கிய சந்தாவில் நாற்பது காது கேட்டது. குழியில் வண்டி குலுங்கி ஒரு வரி தவறிப்போனால், "பின்னாடி தள்ளு" என்று ஏழெட்டுக் குரல் வரும். நான் தூங்கவே முடியாமல் போனது தனி லாபம்.

அண்ணனிடமிருந்து பத்மாவுக்குக் கடிதம் வந்த காலையில், ஒரு ஸ்டாப்பில் நின்றிருந்த மூன்று பெண்களை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. ஏற்கெனவே ஏறியிருந்த நாங்களும் கவனிக்கவில்லை. அவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, கேட்டில் முனுசாமி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். கையைக் காட்டிக்கொண்டே ஓடி வந்தோமே, கண்ணாடியில் தெரியவில்லையா என்று கேட்டார்கள். அவர் மறுக்கவே இல்லை. "அந்த லெட்டர்ல இன்னா எழுதியிருந்துச்சுன்னு கேட்டா, நீங்களே நிறுத்தாதன்னுதாம்மா சொல்லியிருப்பீங்க."

ரஹமத்தின் வெள்ளிக்கிழமை

பத்மா கதை ஒரு புதன்கிழமை முடிந்தது. அண்ணனை அவள் மன்னிக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஒரு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறாள், அவ்வளவுதான். இரண்டு கட்சிக்கும் திருப்தி இல்லை. ரஹமத் மட்டும் கட்சி எதுவும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில், "இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்காக்கா?" என்றாள். தேடிப் பார்த்து, இல்லை என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

மெதுவாகச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் அன்வர் பதினோரு வருடமாக ரியாத்தில் லாரி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, சாயங்காலம் போன் செய்வார். காசு வந்துச்சா, பசங்க நல்லா இருக்காங்களா, உடம்பு நல்லா இருக்கா, சரி வச்சிடறேன். இரண்டு நிமிடம்தான். சண்டை எதுவும் கிடையாது. பேச ஒன்றும் இல்லை. ஒரு வாரம், வைத்துவிடப் போகிற நேரத்தில், பஸ்ஸில் கேட்ட கதையை இவள் சும்மா சொல்ல ஆரம்பித்தாளாம். அவர் வைக்கவில்லை. "அப்புறம்?" என்றாராம். அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய முதல் விசாரிப்பே "பத்மா இன்னா ஆனா?" என்று இருந்ததாம். இப்போதெல்லாம் நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். நடுவில் அவர் தன் கதையும் சொல்கிறார். ரோட்டில் பார்த்தது, கூட இருப்பவர்கள், ஒருமுறை ஜுரத்தில் ஒன்பது நாள் படுத்திருந்து வீட்டில் சொல்லாமல் மறைத்தது. "கல்யாணமாகி இவ்ளோ வருஷத்துல அவரு இவ்ளோ பேசி நான் கேட்டதில்லக்கா. இன்னிக்கி கதை முடிஞ்சிடுச்சுன்னு எப்படி சொல்றது?" என்றாள்.

புதுக் கதை ஒன்று போடுகிறேன், அதைச் சொல்லு என்றேன். அவருக்குப் பத்மாதான் வேண்டுமாம்.

சனிக்கிழமை காலையில் அவள் பஸ்ஸில் ஏறியதும், நேற்று என்ன செய்தாய் என்று கேட்டேன். குனிந்துகொண்டு, "பத்மா மெஸ்ஸ மூடிட்டா. ஆம்பூர் வந்து ஷூ கம்பெனில சேந்துட்டா" என்றாள். நான் போனை எடுக்கவில்லை. அப்புறம் என்றேன். அவள் சொல்லத் தொடங்கினாள். முன் சீட் திரும்பியது, பின் சீட் எழுந்து வந்தது, முனுசாமி அண்ணன் ஹாரனைக் கம்மியாக அடித்தார். அந்தக் கதை ஓட ஆரம்பித்து மூன்று மாதமாகிறது. பத்மா பேக்கிங்கில் இருந்து லைன் லீடராகிவிட்டாள். ஊசித் துண்டு தொலைத்த ஒருத்தியைக் காப்பாற்ற, கேட்ட உடனே, ஒரு நிமிடம்கூடத் தயங்காமல், உண்மையைச் சொன்னாள். அந்த இடத்தில் ரஹமத் என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனாள். நானும் ஜன்னல் வழியாகப் பாலாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை சீட்டில் உட்கார்ந்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னாடி என்றேன். சொன்னாள்: "அவரு கேக்கறாருக்கா, 'ஷூ கம்பெனி பத்தி இவ்ளோ கரெக்டா எழுதியிருக்காரே, எழுதினவரு நம்ம பக்கத்து ஆளா'ன்னு. ஆமா, ரொம்ப பக்கம்தான்னு சொல்ட்டேன்."

ஆக, சந்தா கட்டுவது நான், கதை சொல்வது ரஹமத், காசே கட்டாமல் கேட்பது பஸ்ஸும் ரியாத்தும் என்று எங்கள் ஒலிப்புத்தகக் கணக்கு இப்போதைக்கு நிற்கிறது.